விண்டோஸ் ஆக்டிவேஷன் சிக்கலா? புது கீ வாங்குமுன் இந்த வரிசையில் பாருங்கள்

திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று சாம்பல் நிற எழுத்து வந்துவிட்டதா? அல்லது உங்கள் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும் என்று ஒரு பெட்டி அடிக்கடி எட்டிப் பார்க்கிறதா? எதுவானாலும் உடனே பணம் கட்டிப் புது கீ, அதாவது விண்டோஸின் உரிமத்தை உறுதிசெய்ய (ஆக்டிவேட் செய்ய) அடிக்கும் 25 எழுத்துக் குறியீடு, வாங்கிவிடாதீர்கள். அவசரமும் இல்லை. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் அந்த எழுத்து மறையாது, பின்னணிப் படம், நிறம் போன்றவற்றைச் செட்டிங்ஸில் மாற்ற முடியாது. அவ்வளவுதான். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும், கணினி பூட்டிக்கொள்ளாது, பாதுகாப்பு அப்டேட்டுகளும் வந்துகொண்டிருக்கும். இப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லவில்லை. நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது என்கிறேன்.

ஒருவர் பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கி, அதற்கு முறையான உரிமம் ஏற்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விற்றவர் ‘ஒரிஜினல் விண்டோஸ்தான்’ என்று சொல்லித்தான் கொடுத்தார். பொறுக்கி எடுத்து இங்கே எழுதியிருப்பவை எல்லாம் அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. முதலில் நிலையைப் பாருங்கள்

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், அப்டேட் அண்டு செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். அந்தப் பக்கத்தில் இரண்டு தகவல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பதிப்பு (ஹோமா, ப்ரோவா, என்டர்பிரைஸா) என்பது ஒன்று, ஆக்டிவேஷன் நிலை என்ன என்பது இன்னொன்று.

நிலை பற்றிய வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ (மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும் உரிமம்) மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றால் நல்லது. அதோடு ‘மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டது’ என்றும் இருந்தால் இன்னும் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஒரு வீட்டுக் கணினியில் வந்தால் நேராக 6ஆம் படிக்குப் போங்கள். அலுவலகம் கொடுத்த கணினியில் அது வருவது இயல்பு. சொந்தக் கணினியில் அதற்கு வேலையே இல்லை.

பிழை வந்திருந்தால் பெரிய எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அங்கே இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. உரிமம் எந்த வகை?

இந்தப் படிதான் முக்கியம். பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்புறம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, உடனே டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகள் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு ஒரு சிறு பெட்டி வரும். அதில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதுதான் உங்கள் உரிம வகை.

ஓஈஎம் என்று தொடங்கினால், கணினியோடு வந்த உரிமம். அதன் பின்னால் டிஎம் என்று இருந்தால் கீ கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 8 காலம் முதல், அதாவது 2012 முதல், விண்டோஸோடு வரும் பெரிய நிறுவனங்களின் கணினிகள் இப்படித்தான் வருகின்றன. அதனால்தான் இப்போதைய லேப்டாப்களின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் இருப்பதில்லை. இந்த உரிமம் அந்தக் கணினியோடு வாழ்ந்து அதோடு முடியும். வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது.

ரீடெயில் என்றால் தனியாக வாங்கிய உரிமம். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிய கணினியில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும்.

வால்யூம் என்றால் நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கிய உரிமம். இதில் இரண்டு கிளை உண்டு. எம்ஏகே என்பது ஒரே கீயைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பல கணினிகளில் ஆக்டிவேட் செய்யும் முறை. கேஎம்எஸ் என்பது நிறுவனத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரிடம் கணினிகள் அனுமதி வாங்கிக்கொள்ளும் முறை. அந்த அனுமதி 180 நாள்தான் செல்லும், 7 நாளுக்கு ஒரு முறை கணினி அதைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒரு சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி கொடுக்கவே குறைந்தது 25 கணினிகள் அதைத் தொடர்புகொண்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் 25 கணினி இருக்காது என்று நினைக்கிறேன். ஆக, வீட்டுக் கணினியில் கேஎம்எஸ் என்று வந்தால் யாரோ எதையோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

அதே ரன் பெட்டியில் டி, எல், ஐக்குப் பதிலாக எக்ஸ், பி, ஆர் என்று அடித்துப் பார்த்தால், ஆக்டிவேஷன் நிரந்தரமானதா, ஏதாவது ஒரு தேதியில் முடிகிறதா என்று தெரிந்துவிடும். பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்குமுன் இந்த இரண்டையும் விற்பவர் எதிரிலேயே அடித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரீடெயில் என்று காட்டி, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் 3வி66டி (ப்ரோ) அல்லது 8எச்விஎக்ஸ்7 (ஹோம்) என்று இருந்தால், அது உங்களுக்கென்று கொடுத்த கீ இல்லை. உலகம் முழுக்க டிஜிட்டல் லைசென்ஸ் கணினிகளில் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் பொது கீ அது. உங்கள் உண்மையான அனுமதி மைக்ரோசாஃப்ட் சர்வரில், உங்கள் ஹார்டுவேரின் அடையாளத்தோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. இந்தப் பொது கீயை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த கணினியில் அடித்தால் ஆக்டிவேட் ஆகாது.

அடுத்து, போர்டுக்குள் கீ இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஷோகீப்ளஸ் என்ற இலவசச் செயலி கிடைக்கிறது. இப்போது நிறுவியிருக்கும் கீயையும், போர்டில் இருக்கும் ஓஈஎம் கீயையும் அது தனித்தனியே காட்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். என் லேப்டாப்பில் போர்டுக்குள் ஹோம் உரிமம் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் யாரோ ப்ரோ பதிப்பைப் போட்டு, திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்து வைத்திருந்தார்கள். அதாவது, செல்லுபடியாகும் உரிமம் இருந்த கணினியில் எதற்காகவோ திருட்டு உரிமம். இது அரிதான கதை இல்லை. கணினியைப் பழுதுபார்க்க எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் கையில் இருக்கும் ஒரே பென்டிரைவை எல்லாக் கணினியிலும் செருகிவிடுகிறார்கள்.

3. ஆவணங்களை ஓரிடத்தில் சேருங்கள்

மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பிரிவிடம் பேச வேண்டி வந்தால், முதலில் கேட்பது வாங்கியதற்கான சான்று. அதனால் இவற்றை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்:

கணினியின் பில், அதில் விண்டோஸ் பதிப்பின் பெயர் இருந்தால் சிறப்பு. தனியாக விண்டோஸ் வாங்கியிருந்தால் அதன் பில் அல்லது ஆர்டர் மின்னஞ்சல், பெட்டிக்குள் வந்த கீ அட்டை. கணினியின் அடியில் இருக்கும் சீரியல் எண். எந்த மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்பது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும், ஆனால் வீட்டில் மூன்று பேருக்கு நான்கு கணக்கு இருக்கும்போது எதனுடன் உரிமம் இணைந்திருக்கிறது என்று தேடுவது பெரிய வேலை.

ஷோகீப்ளஸ் காட்டிய பக்கத்தையும், முன்பு வந்த சிறு பெட்டியையும் படம் எடுத்து, கணினிக்கு வெளியே எங்காவது வையுங்கள். கணினி திறக்காதபோது அதற்குள் இருக்கும் படத்தால் பயன் இல்லை.

4. பிழைக் குறியீடு என்ன சொல்கிறது?

குறியீட்டின் கடைசி நான்கு எழுத்துகளைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

எஃப்074 என்று முடிந்தால், கணினி ஒரு கேஎம்எஸ் சர்வரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. வீட்டில் இது வந்தால் மேலே சொன்ன வால்யூம் கதைதான்.

சி003 என்றால் அந்த கீ தடை செய்யப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைத்த கீகளுக்கு இந்த முடிவு அடிக்கடி நேரும். எத்தனை முறை அடித்தாலும் மாறாது.

சி008 என்றால் அந்த கீயை அனுமதித்ததை விட அதிகக் கணினிகளில் பயன்படுத்தியாயிற்று. சொந்த ரீடெயில் கீ என்றால், பழைய கணினியில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப்050 என்றால் கீ தவறு. அடிக்கும்போது பிழை நேர்ந்திருக்கலாம். 25 எழுத்துகள் கொண்ட கீயில் ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஆங்கில உயிரெழுத்துகள் வரவே வராது. எல், எஸ், இசட் என்ற எழுத்துகளும், 0, 1, 5 என்ற எண்களும் வராது. அட்டையில் பூஜ்யம் போலத் தெரிவது பெரும்பாலும் கியூ அல்லது டி. ஆனால் பி, 8 இரண்டும் வரும். ஜி, 6 இரண்டும் வரும். மங்கிய ஸ்டிக்கரில் கண்ணைச் சோதிப்பவை இவைதாம்.

எஃப்210 என்றால் பதிப்பு பொருந்தவில்லை: ஹோம் உரிமம் இருக்கும் கணினியில் ப்ரோ போட்டிருக்கிறார்கள், அல்லது நேர்மாறாக. எஃப்211 என்றால் ஹார்டுவேர் மாறிவிட்டது, 5ஆம் படியைப் பாருங்கள்.

2எஃப்8எஃப் என்று முடிந்தால் கணினியின் தேதி அல்லது நேரம் தவறாக இருக்கலாம், இல்லையென்றால் இணையத் தொடர்பில் சிக்கல். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்தும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். சிஆர்2032 என்ற அந்த பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தாலே ஆக்டிவேஷன் தானாக வந்துவிடும். இருப்பதிலேயே மலிவான தீர்வு இது.

ஈ028 என்றால் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. காத்திருங்கள். விபிஎன் ஏதாவது ஓடினால் நிறுத்திவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

5. மதர்போர்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

ராம், ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கணினி.

மாற்றுவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டது’ என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கணக்கைச் சேர்க்கும் பொத்தான் இருக்கும். கணினி பழுதாகி நின்ற பிறகு இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது, உரிமத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதது, ஆனால் பலருடைய கோப்புகளைக் காவு வாங்கியது: டிஸ்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். ஹோம் பதிப்பிலும் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் நீங்கள் கேட்காமலே இது இயங்கிக்கொண்டிருக்கலாம். போர்டை மாற்றியதும் நீல நிறத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்கில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. அந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். பயாஸ் (மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யும்போதும் இதே எச்சரிக்கை.

மாற்றிய பிறகு, நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிரபிள்ஷூட்’ என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாத நிலையில்தான் அந்தப் பொத்தான் தெரியும். ‘அண்மையில் ஹார்டுவேரை மாற்றினேன்’ என்ற இணைப்பைத் தேர்ந்து, உரிமம் இணைந்திருக்கும் அதே கணக்கில் நுழைந்தால் உங்கள் பழைய கணினிகளின் பட்டியல் வரும். பெயர்கள் எல்லாம் டெஸ்க்டாப் என்று தொடங்கி ஏதோ எழுத்துகளோடு முடியும். எது எது என்று புரியாது. அதனால் முன்பே கணினிக்கு அடையாளம் தெரியும்படி ஒரு பெயர் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரீடெயில் உரிமம் என்றால் இது பெரும்பாலும் வேலை செய்யும். ஓஈஎம் என்றால் விதிப்படி அது பழைய போர்டோடு போயிற்று. ஆனால் உத்தரவாதக் காலத்தில் கணினி நிறுவனமே பழுதான போர்டை மாற்றித் தந்தால், மாற்று போர்டில் கீயை எழுதித்தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. கணினியைத் திரும்ப வாங்கும்போதே, அங்கேயே இயக்கி, ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் அது மென்பொருள் பிரச்சினை, எங்கள் வேலை இல்லை என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் விண்டோஸில் உள்ள ‘கெட் ஹெல்ப்’ செயலி வழியாக ஆதரவுப் பிரிவைப் பிடியுங்கள். முதலில் தானியங்கிதான் பேசும். மனிதரிடம் பேச வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். 3ஆம் படியில் சேர்த்த காகிதங்கள் அப்போது கையில் இருக்கட்டும்.

6. கிராக் போட்ட கணினி கைக்கு வந்துவிட்டால்

கேஎம்எஸ் சர்வர் போல நடிக்கும் ஒரு சிறு நிரலைக் கணினிக்குள்ளேயே ஓடவிடுவதுதான் பரவலான கிராக் முறை, அதாவது உரிமம் இல்லாமல் ஏமாற்றி ஆக்டிவேட் செய்யும் வழி. 180 நாள் அனுமதியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைப் போடச் சொல்பவர்களின் முதல் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: வைரஸ் தடுப்பானை நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளி, முதலில் நாயைக் கட்டுங்கள், பிறகு பூட்டைக் கழற்றுங்கள், அப்புறம் நீங்கள் வெளியே போங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கேஎம்எஸ்பிகோ என்ற கிராக்கின் பெயரில் பரவிய நிறுவிக் கோப்புகளோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் வருவதை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் அது சுருட்டும்.

உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க மூன்று இடங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் பாதுகாப்பு வரலாற்றில் ‘ஹேக்டூல்’, ‘ஆட்டோகேஎம்எஸ்’ என்ற பெயர்கள் இருக்கின்றனவா? அதே விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் நீங்கள் சேர்க்காத கோப்புறை ஏதாவது விலக்கப்பட்டிருக்கிறதா? குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ உள்ளே கேஎம்எஸ் என்ற எழுத்துகள் வரும் வேலை ஏதாவது இருக்கிறதா? ஒன்றில் ஆம் என்றாலும் அந்தக் கணினியில் வங்கி வேலை செய்வதை அப்போதே நிறுத்துங்கள்.

கிராக்கை மட்டும் நீக்கிவிட்டுத் தொடரலாமா என்று கேட்பீர்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடவே வேறு என்ன வந்து ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நிம்மதி. வரிசை இது:

முதலில் ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றை மட்டும் வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். நிறுவிக் கோப்புகள், கிராக் செய்த நிரல்கள் எதையும் எடுக்காதீர்கள். பிறகு, சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் நிறுவி தயாரியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், கவனம்.

அந்த பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்று சொல்லி நகருங்கள். போர்டில் கீ இருந்தால் வழக்கமாகக் கேட்கவே கேட்காது, பதிப்பையும் அதுவே தேர்ந்துகொள்ளும். பதிப்பைக் கேட்டால் உங்களுக்கு உரிமம் உள்ள பதிப்பையே தேர்ந்தெடுங்கள். போர்டில் ஹோம் இருக்க, ஆசையாக ப்ரோவைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து. எந்த டிஸ்கில் நிறுவுவது என்ற திரையில், விண்டோஸ் இருந்த டிஸ்கின் பகுதிகளை எல்லாம் நீக்குங்கள். வேறு டிஸ்க் ஏதாவது மாட்டியிருந்தால் முன்பே கழற்றி வைப்பது நல்லது, அவசரத்தில் தவறானதைத் துடைத்துவிடக் கூடாது.

நிறுவி முடித்து இணையத்தோடு இணைந்ததும் ஆக்டிவேஷன் சில நிமிடங்களில் தானாக நடக்கும். என் லேப்டாப்பில் அப்படித்தான் நடந்தது, ஒரு கீயும் வாங்கவில்லை. முழு வேலைக்கும் ஓர் அரைநாள் ஒதுக்குங்கள். கோப்புகளை நகலெடுப்பதுதான் அதில் பெரும்பகுதி. எல்லாம் முடிந்ததும் மின்னஞ்சல், வங்கி, சமூக வலைத்தளக் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

7. கீ வாங்கியே ஆக வேண்டும் என்றால்

போர்டில் கீ இல்லை, கணக்கிலும் உரிமம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் படி. எளிய வழி, ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்தே மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குப் போய் வாங்குவது. விலை கூடுதல்தான், ஆனால் உரிமம் உங்கள் கணக்கில் பதிவாகிவிடும், அட்டை தொலைந்தது என்ற பேச்சு இல்லை. ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறுவதற்கும் அதே இடம். ஆனால் யோசியுங்கள்: வெளியிலிருந்து கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறப்பது, பிட்லாக்கரை முழுமையாகக் கையாள்வது போன்ற தேவை இல்லாதவர்களுக்கு ஹோம் தாராளமாகப் போதும்.

இணையச் சந்தைகளில் வெறும் கீயை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்று மிக மலிவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகே கீயைப் பல பேருக்குப் பிரித்து விற்பவை. அடித்தவுடன் ஆக்டிவேட் ஆகும், பின்னூட்டத்தில் ஐந்து நட்சத்திரமும் கிடைக்கும். கீயின் சொந்தக்காரருக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ தெரியவரும்போது தடை. அதற்குள் புகார் செய்யும் கெடு முடிந்திருக்கும். வாங்கிவிட்டீர்கள் என்றால், அன்றே 2ஆம் படியைச் செய்து, வால்யூம் என்று காட்டினால் உடனே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

விண்டோஸ் 7, 8 ஸ்டிக்கரில் உள்ள பழைய கீயை அடித்தால் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2023இல் மூடிவிட்டது. முன்பே அப்படி டிஜிட்டல் லைசென்ஸ் வாங்கிவிட்ட கணினிகளுக்கு மட்டும் பாதிப்பில்லை. அதேபோல, விண்டோஸ் 10 உரிமம் உள்ள கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானது என்றால், அதே பதிப்புக்கு மாறத் தனிக் கட்டணம் கிடையாது. அதற்குக் காசு கேட்பவர் நிறுவும் கூலியைக் கேட்கலாம், உரிமத்துக்கென்று கேட்கக் கூடாது.

8. ஆபீஸும் மற்றவையும்

ஆபீஸின் உரிமம் விண்டோஸ் உரிமத்திலிருந்து முற்றிலும் தனி. வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுன்ட் போனால் எந்தத் தயாரிப்பு, யார் கணக்கில் இருக்கிறது என்று தெரியும். சந்தா முறையில் வாங்கியது காலாவதியானால் கோப்புகளைப் படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. சந்தா சரியாக இருந்தாலும் மாதம் ஒரு முறையாவது இணையத்தோடு இணைத்தால்தான் அது தொடர்ந்து ஓடும்.

இங்கே அடிக்கடி வரும் குழப்பம்: புதுக் கணினியோடு வந்த சோதனைப் பதிப்பும் நீங்கள் வாங்கிய ஆபீஸும் ஒன்றாக இருக்கும், திறப்பது சோதனைப் பதிப்பாக இருக்கும், ஆக்டிவேட் செய் என்று அது நச்சரிக்கும். தேவையில்லாததை நீக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே முறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸின் கீயை முதலில் எந்த மின்னஞ்சலில் பதிவு செய்கிறீர்களோ அதோடு உரிமம் ஒட்டிக்கொள்ளும். நிறுவித் தருகிறவர் தன் மின்னஞ்சலில் பதிவு செய்தால் உரிமம் அவருடையதாகிவிடும். அந்தப் படியை மட்டும் நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

வடிவமைப்பு, இசை, வரைபட மென்பொருள்கள் பல, எத்தனை கணினிகளில் ஓடுகின்றன என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கணினியை ஃபார்மட் செய்யுமுன் ஒவ்வொன்றிலும் கணக்கை விட்டு வெளியேறுங்கள் அல்லது டீஆக்டிவேட் செய்யுங்கள். மறந்தால் இல்லாத கணினி ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அடோபி, ஆட்டோடெஸ்க் போன்றவை உண்மையான பிரதியா என்று சோதிக்கும் தனிச் சேவைகளை உடன் நிறுவுகின்றன. பயன்படுத்திய கணினியில் அந்த எச்சரிக்கை வந்தால், முந்தைய சொந்தக்காரரின் கிராக் பிரதி மிச்சமிருக்கிறது என்று பொருள். நீக்கிவிடுங்கள்.

எப்போதாவது கடிதம் தட்டவும் கணக்குப் போடவும் மட்டும் ஆபீஸ் வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், கீயும் இல்லை, சோதனையும் இல்லை. வேர்டு வடிவத்தில் சேமிக்கும்படி அமைத்துக்கொண்டால் பிறருக்கு அனுப்பவும் தொல்லை இருக்காது.

9. உங்கள் உரிமம் முடிந்துவிட்டது என்று அழைப்பு வந்தால்

மைக்ரோசாஃப்ட் உங்களைத் தானாகத் தொலைபேசியில் கூப்பிட்டு உரிமம் பற்றிப் பேசாது. உலாவியில் முழுத்திரை எச்சரிக்கை வந்து ஓர் எண்ணை அழைக்கச் சொன்னாலும் அது மோசடிதான். உண்மையான ஆக்டிவேஷன் செய்தி விண்டோஸ் செட்டிங்ஸுக்குள் இருக்கும், அதில் யாரையும் உடனே அழைக்கச் சொல்லி மிரட்டல் இருக்காது. உலாவியை மூட முடியவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்துங்கள். ஏற்கெனவே யாருக்காவது எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை வழியாகக் கணினியைத் திறந்துவிட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள், அதன் பிறகு 6ஆம் படி.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் அது உரிமம் முடிவதல்ல. ஆக்டிவேஷன் அப்படியே இருக்கும், புதிதாக நிறுவினாலும் ஆக்டிவேட் ஆகும். ‘ஆதரவு முடிந்தது, அதனால் புது கீ வாங்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். தேவைப்படுவது விண்டோஸ் 11க்கு மாறுவது, அல்லது நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்வது. வீட்டுக் கணினிகளுக்கு அந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருந்தார்கள். சேரும் இணைப்பு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும்.